விற்ற நூலும் வாசித்த நூலும்

1662ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, லண்டன் கடற்படை அலுவலகத்தில் உயர்பதவியில் இருந்த சாமுவேல் பீப்ஸ், நகரமே பேசிக்கொண்டிருந்த ‘ஹூடிப்ராஸ்’ என்ற அங்கதக் காவியத்தை இரண்டரை ஷில்லிங் கொடுத்து வாங்கினார். புரட்டிப் பார்த்தார், பிடிக்கவில்லை. அன்றைய விருந்திலேயே உடன் சாப்பிட்ட ஒருவருக்கு ஒன்றரை ஷில்லிங்குக்குத் தள்ளிவிட்டார். ஆறு வாரம் கழித்து, 1663 பிப்ரவரி 6 அன்று, அதே நூலை மறுபடி வாங்கினார். ஊரே மெச்சும் ஒன்று தனக்கு மட்டும் ருசிக்கவில்லை என்றால் குறை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஆண்டின் இறுதியில் இரண்டாம் பாகம் வந்தபோது, முதலில் இரவல் வாங்கிப் பார்த்தார். டிசம்பர் 10 அன்று செயின்ட் பால் தேவாலய வளாகத்துப் புத்தகக் கடையில் சாசரையும் ஷேக்ஸ்பியரையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தவர், ஹூடிப்ராஸின் இரண்டு பாகங்களையும் காசு கொடுத்து வாங்கினார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்னும் விளங்கவில்லை என்பதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நமக்குப் பதிப்பாளரின் கணக்கு மட்டும் கிடைத்து, பீப்ஸின் நாட்குறிப்பு கிடைக்காமல் போயிருந்தால், மூன்று முறை பணம் கொடுத்த இந்த மனிதரை அந்நூலின் தீராத ரசிகர் என்றே முடிவுகட்டியிருப்போம்.

கடந்தகால வாசிப்பைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் நூலிலிருந்து தொடங்குகிறோம். எத்தனை பதிப்பு வந்தது, விலை என்ன, எந்த நூலகத்தின் பட்டியலில் இருந்தது, எவருடைய சொத்து ஏலத்தில் விலைபோனது என்று தேடுகிறோம். இவை பயனுள்ள தகவல்கள். ஆனால் நூல் வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்ததோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு நடந்ததை அறிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் விட்டால் வேறு சான்று அதிகம் இல்லை. ஆனால் அவற்றிடம் எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். ஒருவர் நிம்மதியாக வாசித்த மாலைப்பொழுது நாட்குறிப்பில் ‘படித்தேன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். வாசிப்பு வேறு ஏதாவது ஒன்றோடு உரசும்போதுதான் விவரம் எழுதப்படுகிறது. பணமுடை, வெட்கம், கண்வலி, வீட்டுச் சண்டை, தூக்கம், விருந்தாளி என்று குறுக்கே ஏதோ வந்திருக்கும். ஆகவே ஒரு நூலைப் பற்றி அக்கால மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நாட்குறிப்பு நம்பத்தகுந்த சாட்சி ஆகாது. எந்த நிலைமையில், யாரோடு, எப்படி வாசித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த நிலைமைகளைச் சேர்த்துப் பார்த்தால், தனக்குச் சொந்தமான புத்தகத்தைத் தனிமையில் மௌனமாகப் படிக்கும் மனிதர் என்று நாம் வழக்கமாகக் கற்பனை செய்துகொள்ளும் உருவம் நிலைக்காது என்பதே என் வாதம்.

முதலில் ‘சொந்தமான’ என்பதை எடுத்துக்கொள்வோம். பீப்ஸ் தம் நூலகத்தை 3,000 நூல்கள் கொண்டதாக வகுத்து, பட்டியலிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளில் அடுக்கினார். இன்று அது கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியில் அவர் விதித்தபடியே இருக்கிறது. ஒரு வாசகரைப் பற்றி இதைவிட முழுமையான ஆவணம் இருக்குமா என்று தோன்றும். ஆனால் 1668 ஜனவரி 13 அன்று ஒரு கடையில் அவர் கண்ட பிரெஞ்சு நூல் அந்தப் பட்டியலில் இல்லை. மனைவி மொழிபெயர்க்க உதவும் என்று முதலில் நினைத்தவர், அதன் ஆபாசத்தைக் கண்டு வைத்துவிட்டு வந்தார். பிப்ரவரி 8 அன்று திரும்பப் போய் அதை வாங்கினார். நல்ல அட்டைக்கட்டு உள்ள படியை வேண்டுமென்றே தவிர்த்துச் சாதாரண அட்டையில் எடுத்தார். படித்ததும் எரித்துவிட வேண்டும், தம் நூல்களின் வரிசையில் அது நிற்கக் கூடாது என்று வாங்கும்போதே முடிவுசெய்திருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை படித்து முடித்து எரித்தார். நூலகப் பட்டியல் என்பது ஒருவர் தம் வாசிப்பில் எதைப் பிறர் காண விரும்பினார் என்பதன் ஆவணம் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்றை நான் அறியேன். பதிப்புகளின் எண்ணிக்கையும் இதே போல ஏமாற்றும். ஹாப்ஸின் ‘லெவியதான்’ 1651இல் வெளியானது. பின்னால் ஆயர்கள் மறுபதிப்புக்கு இடம்தரவில்லை. மறுபதிப்பு வராததை வைத்து அந்நூலுக்கு ஆதரவு குன்றிவிட்டது என்று ஊகித்தால், 1668 செப்டம்பர் 3 நாட்குறிப்பு நம்மைத் திருத்துகிறது. முன்பு 8 ஷில்லிங்குக்கு விற்ற நூலின் பழைய படிக்கு பீப்ஸ் 24 ஷில்லிங் கொடுக்கிறார். சிலர் 30க்கும் விற்கிறார்கள். தடை அந்நூலை மூன்று மடங்கு விலையுள்ளதாக்கியிருந்தது.

அடுத்தது ‘தனிமையில் மௌனமாக’ என்பது. 1665 ஜனவரியில் ராபர்ட் ஹூக்கின் ‘மைக்ரோகிராஃபியா’ கையில் கிடைத்ததும் பீப்ஸ் தம் அறையில் இரவு இரண்டு மணிவரை கண்விழித்துப் படித்தார். வாசிப்பு வரலாறுகள் விரும்பி எடுத்துச் சொல்லும் காட்சி இது, ஏனென்றால் நம் கற்பனைக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அவருடைய நாட்குறிப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படிப்பவருக்கு வேறொரு வாசகர் தெரிவார். பேகனின் ‘ஃபாபர் ஃபார்ச்சூனே’ கட்டுரையை அவர் நடந்துகொண்டே படிக்கிறார். அலுவல் நிமித்தம் டெட்ஃபோர்டுக்கும் உல்விச்சுக்கும் போகும் வழியெல்லாம் அவர் கையில் புத்தகம் இருக்கிறது. 1668ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அவருடைய மனைவி எலிசபெத் வெளியே போகும் உடை உடுத்தாமல் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து தம் கறுப்புப் பாவாடை ஒன்றைத் திருத்திச் சரிகைப் பின்னல் வைத்துத் தைக்கிறார். அருகில் பீப்ஸ். வேலைக்காரச் சிறுவன் ஜூலியஸ் சீசரின் வாழ்க்கையையும், டெகார்ட் இசை பற்றி எழுதிய நூலையும் அவர்களுக்கு உரக்க வாசிக்கிறான். பீப்ஸின் கண்கள் அப்போது மோசமாகியிருந்தன. கண்கூச்சம் தாளாமல் காகிதக் குழல்களை வைத்துப் பார்த்துப் படித்தார். பார்வை போய்விடும் என்ற அச்சத்தில் ஐந்து மாதம் கழித்து, 1669 மே 31 அன்று, நாட்குறிப்பையே நிறுத்திக்கொண்டார். அன்று டெகார்ட்டை ‘வாசித்தவர்’ யார்? எழுத்தைப் பார்த்தவன் சிறுவன். பொருளைத் தேடியவர் பீப்ஸ். ஊசியிலிருந்து கையை எடுக்காமல் எலிசபெத்தும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நூல் ஒன்று, படி ஒன்று, வாசகர் மூவர். அந்த மூவரும் மூன்று விதமாக அந்நூலோடு உறவுகொண்டிருக்கிறார்கள்.

கண் நோயால் வந்த விதிவிலக்கு இது என்று ஒதுக்க முடியாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், சசெக்ஸ் மாவட்டத்தில் கிழக்கு ஹோத்லி என்ற சிற்றூரில் எல்லாச் சாமானும் விற்கும் கடை வைத்திருந்த தாமஸ் டர்னர் 1754 முதல் 1765 வரை நாட்குறிப்பு எழுதினார். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ரிச்சர்ட்சனின் ‘கிளாரிசா’ நாவலில் நாயகியின் இறுதிச்சடங்கை அவர் மனைவி வாசிக்கக் கேட்டே மனம் கரைகிறார். மாலையில் செருப்புத் தைக்கும் தாமஸ் டேவி வீட்டுக்கு வந்தால், பேராயர் டில்லட்சனின் பிரசங்கங்களை டர்னர் அவருக்கு வாசித்துக் காட்டுகிறார். டேவியிடம் அந்தப் பிரசங்கத் தொகுதிகள் இருந்தனவா என்பது இங்கே பொருட்டே இல்லை. அவர் காதில் அவை விழுந்தன. 1813 ஜனவரியில் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் முதல் படி சாட்டன் கிராமத்தில் ஜேன் ஆஸ்டினின் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளன்று, பக்கத்தில் வசித்த பென் என்ற ஏழை முதிர்கன்னி விருந்துக்கு வந்திருந்தார். எழுதியவர் எதிரிலேயே இருக்கிறார் என்று தெரியாமல் முதல் தொகுதியில் பாதியை அன்று மாலை அவர் கேட்டார். இதை அக்காள் கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில் ஆஸ்டின் சொல்கிறார். அடுத்த கடிதத்தில் ஒரு குறை வருகிறது: இரண்டாம் மாலை வாசிப்பு அவ்வளவு நன்றாக அமையவில்லை, அம்மா வேகமாக வாசித்துக்கொண்டு போய்விடுகிறார், பாத்திரங்களை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தும் அவர்கள் பேசவேண்டிய விதத்தில் அவருக்குப் பேச வரவில்லை. மூன்று தொகுதிகளும் சேர்த்து 18 ஷில்லிங் விலையுள்ள நாவலை பென் போன்ற ஒருவர் வாங்கியிருக்க வழியில்லை. ஆனால் அந்நாவலுக்கு நமக்குத் தெரியவரும் முதல் வாசகர்களில் அவர் ஒருவர். அவருக்கு அது எப்படிப் பட்டது என்பதை ஆஸ்டினின் எழுத்தோடு ஆஸ்டினின் தாயார் வாசித்த வேகமும் தீர்மானித்தது. நாவலின் உரைநடையை மட்டும் வைத்து அதன் ஆரம்ப வரவேற்பை விளக்குகிற எவரும் இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இத்தகைய சான்றுகள் பெரிய கோட்பாடுகளையும் சோதிக்க உதவுகின்றன. ஜெர்மானிய வரலாற்றாளர் ரோல்ஃப் எங்கெல்சிங், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைப்பகுதிவரை மக்கள் பைபிள் போன்ற சில நூல்களையே திரும்பத் திரும்ப ஆழ்ந்து வாசித்தார்கள், பிறகு பல நூல்களை ஒருமுறை மேலோட்டமாக வாசிக்கும் பழக்கத்துக்கு மாறினார்கள் என்றார். அச்சுப் பெருக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் இது இயல்பாகவே படுகிறது. ஆனால் லண்டனில் நாடகத் தணிக்கை அதிகாரியின் மனைவியாக இருந்த அன்னா லார்பென்ட்டின் நாட்குறிப்புகள், 17 தொகுதிகளாக இன்று கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருப்பவை, இந்தக் கோட்பாட்டைத் தாங்குவதில்லை. அவர் பைபிளையும் பிரசங்கங்களையும் நிறுத்தி நிதானமாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். அதே நாட்களில் புதிய நாவல்களையும் பயண நூல்களையும் பிரெஞ்சு நூல்களையும் வேகமாகக் கடக்கிறார். தாம் உரிமம் தரவேண்டிய நாடகங்களைக் கணவர் வாசிக்க, இவர் கேட்கிறார். இரண்டு காலங்களுக்கு உரியவை என்று சொல்லப்பட்ட இரண்டு பழக்கங்களும் ஒரே பெண்ணின் ஒரே நாளுக்குள் இருக்கின்றன. வரலாற்றாளர் ஜான் ப்ரூவர் லார்பென்ட்டை முன்வைத்து இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். டர்னரின் குறிப்புகளும் அவர் சொல்வதற்கே வலுச்சேர்க்கின்றன. 1694இல் இறந்துபோன டில்லட்சன் டர்னருக்கு 1750களில் அன்றாட வாசிப்பாக இருக்க, ஷேக்ஸ்பியரும் அவர் காலத்து நாவலும் பக்கத்திலேயே கிடக்கின்றன. பதிப்பாண்டுகளை வரிசைப்படுத்தி எழுதும் இலக்கிய வரலாற்றில் இந்தக் கலப்பு தென்படாது. வாசகர் என்றும் பல தலைமுறை நூல்களுக்கு நடுவில்தான் வாழ்கிறார்.

இந்த ஆவணங்களுக்கு எதிராக வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: நாட்குறிப்பும் கடிதமும் ஒப்பனை செய்தவை. கடிதம் பெறுபவரின் முகத்தைப் பார்த்து எழுதப்படுவது. நாட்குறிப்பும் அப்படி ஒன்றும் அந்தரங்கமானதல்ல. பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதினார் என்பது உண்மை. ஆனால் அந்த ஆறு தொகுதிகளையும் அட்டைகட்டி, பிற்காலத்துக்கு விட்டுச்சென்ற நூலகத்திலேயே அவற்றையும் வைத்தார். யாரோ ஒருநாள் படிப்பார்கள் என்று எதிர்பார்க்காதவர் அப்படிச் செய்யமாட்டார். மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் ஒப்பனை எங்கே படிகிறது என்று பார்க்க வேண்டும். மனிதர்கள் தம் கருத்தையும் நோக்கத்தையும் அழகுபடுத்துவார்கள். விலை, நேரம், வாசித்த குரல், பக்கத்தில் இருந்தவர் ஆகியவற்றை மாற்றி எழுதுவதால் அவர்களுக்குப் பெரும்பாலும் லாபமில்லை. டார்வின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1876இல் எழுதிய தன்வரலாற்றில், 1838 அக்டோபரில் பொழுதுபோக்காக மால்தஸின் மக்கள்தொகை நூலைப் படித்ததாகவும் அப்போது தம் கோட்பாடு பிடிபட்டதாகவும் சொல்கிறார். அவர் அன்றாடம் எழுதிய குறிப்பேட்டில் மால்தஸ் பற்றிய பதிவு செப்டம்பர் 28லேயே வந்துவிடுகிறது. 1838 முதல் 1860 வரை அவர் வைத்திருந்த வாசிப்புப் பட்டியலில் அக்டோபர் 3 என்ற தேதியோடு அந்நூல் முடிகிறது. தேதி வேறுபாடு சிறியதுதான். முக்கியமானது, ‘பொழுதுபோக்காக’ என்ற விளக்கம். இன மாற்றம் பற்றிய குறிப்பேட்டை அவர் 1837 ஜூலையிலேயே தொடங்கிவிட்டார். 1838 ஆகஸ்டில் காம்ட்டின் தத்துவம் பற்றிய மதிப்புரையை அக்கறையோடு படிக்கிறார். அந்த மாதங்களின் குறிப்புகளை வரிசையாகப் பார்ப்பவருக்கு, மால்தஸை அவர் தற்செயலாகக் கையில் எடுத்தார் என்று நம்புவது கடினம். முதுமையில் எழுதிய வரலாற்றில் நோக்கம் மாறியிருக்கிறது. அந்தந்த நாளின் பதிவு அதைக் காட்டிக்கொடுக்கிறது.

கடிதங்களில் முகமன் மிகுதி என்பதும் உண்மைதான். ஆனால் ஆஸ்டின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’, ‘எம்மா’ இரண்டுக்கும் உறவினரும் தெரிந்தவர்களும் சொன்ன கருத்துகளைத் தொகுத்து எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒருவர் ‘எம்மா’ சுவையாக இல்லை என்று கேள்விப்பட்டதால் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தவர். இன்னொருவருக்கு நாவல் சற்றும் பிடிக்காததால் அவருடைய கருத்தை அனுப்பவே மனமில்லை என்று ஆஸ்டினின் அண்ணன் மகள் ஃபேனி சொல்லிவிட்டார்; அந்தச் செய்தியும் பதிவாகியிருக்கிறது. சூழல் விவரங்களில் ஒப்பனை படிவதில்லை என்ற விதி எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். லார்பென்ட் ஒரு நூலைக் கேட்டுக்கொண்டே தைத்ததைக் குறிக்கும்போது, வீணாகப் பொழுது கழிக்காத இல்லத்தரசி என்ற சித்திரமும் சேர்ந்தே வரையப்படுகிறது. சூழலும் சில சமயம் ஒப்பனைதான். அத்தகைய இடங்களில் ஒரு பதிவை நம்பாமல், ஆண்டுக்கணக்கான பதிவுகளின் போக்கைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. யாரோடு, எங்கே, என்ன விலைக்கு என்பதெல்லாம் வாசிப்பின் புறம். அகத்தில் நடந்ததை இவை சொல்வதில்லையே என்பது. புறத்தை இப்படிப் பிரித்துத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. 1662 பிப்ரவரி 10 அன்று புதிதாக வந்திருந்த தாமஸ் ஃபுல்லரின் இங்கிலாந்துப் பெருமக்கள் வரலாற்றை பீப்ஸ் கடையில் புரட்டுகிறார். கேம்பிரிட்ஜ் பகுதியைப் பார்க்கிறார், நார்ஃபோக்கைப் பார்க்கிறார். தம் குடும்பத்தைப் பற்றியும் குலச்சின்னத்தைப் பற்றியும் ஃபுல்லரோடு நேரில் பேசியிருந்தும் நூலில் ஒரு சொல்லும் இல்லை என்று மனம் நோகிறார். அவர் அந்நூலில் எதைத் தேடினார், எந்த வரிசையில் பக்கங்களைத் திருப்பினார், எது இல்லாததால் வருந்தினார் என்று எல்லாமே இந்தச் சிறு பதிவில் இருக்கிறது. இதற்கு மேல் அகம் என்று எதைக் கேட்பது? பிரான்சில் லா ரோஷெல் நகர வணிகர் ஜான் ரான்சோன், நூஷாத்தெல் பதிப்பகத்துக்கு நூல் கேட்டு எழுதிய வணிகக் கடிதங்களை வரலாற்றாளர் ராபர்ட் டார்ன்டன் 1984இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். ரூசோவின் நூல்களைக் கேட்கும் அதே கடிதங்களில் ரான்சோன் ரூசோவின் நலம் விசாரிக்கிறார், குடும்பச் செய்தி சொல்கிறார், பிள்ளை வளர்ப்பில் ரூசோவின் வழியைப் பற்றிப் பேசுகிறார், 1778இல் அவர் இறந்தபோது நண்பரை இழந்தவராக எழுதுகிறார். நூல் தம்மை என்ன செய்தது என்று விமர்சகர்போல அவர் எங்கும் விளக்கவில்லை. சரக்குப் பட்டியலுக்கும் மழலைக்கும் நடுவில் ரூசோ வந்துபோவதே போதுமான விளக்கமாக இருக்கிறது.

மூன்றாவது மறுப்புக்கு முழுப் பதில் கிடையாது. எழுதத் தெரிந்தவர், எழுத ஓய்வு கிடைத்தவர், எழுதியது அழியாமல் நின்றவர் ஆகியோரின் குரலே நமக்குக் கேட்கிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1996 முதல் 1450க்கும் 1945க்கும் இடைப்பட்ட வாசிப்பு அனுபவங்களைத் திரட்டி, 30,000க்கு மேற்பட்ட பதிவுகள் கொண்ட தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. எண்ணிக்கை பெருகினாலும் சாய்வு போவதில்லை. அதிகம் எழுதியவர்கள் அதிகமாக இடம்பிடிக்கிறார்கள். தொழிலாளர்களின் தன்வரலாறுகளைக் கொண்டு ஜொனாதன் ரோஸ் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியை ஓரளவு குறைத்தது. ஆனால் தன்வரலாறு எழுதும் அளவுக்கு உயர்ந்த தொழிலாளரும் சராசரியானவர் அல்லர். ஆயினும் நாட்குறிப்பை அதன் ஆசிரியருக்காக மட்டும் படிப்பதை நிறுத்தினால் நிலைமை சற்று மாறும். டெகார்ட்டை உரக்க வாசித்த சிறுவன், பிரசங்கம் கேட்ட செருப்புத் தைப்பவர், ஆஸ்டினின் முதல் கேட்பாளர் ஆகிய மூவரின் வாசிப்பு அனுபவமும் நமக்குத் தெரிவது வேறொருவர் எழுதிய வரிகளின் ஓரத்திலிருந்துதான்.

எலிசபெத் பீப்ஸும் அப்படித்தான் நமக்குத் தெரிகிறார். மாதலேன் தெ ஸ்குதெரி எழுதிய பத்துத் தொகுதி ‘கிராண்ட் சைரஸ்’ நாவலில் அவர் தோய்ந்திருந்தார். 1666 மே 11 இரவு கோச்சு வண்டியில் போகும்போது அந்நாவலின் கதைகளை அவர் நீளமாகச் சொல்லிக்கொண்டே வர, கணவர் குறை சொல்லி வாயடைத்தார். அதனால்தான் அவர் எதைப் படித்தார், படித்ததைப் பிறரோடு பகிரத் துடித்தார் என்பது நமக்குத் தெரிகிறது. அவரே எழுதியதும் உண்டு. 1663 ஜனவரி 9 அன்று, தம் வாழ்க்கையின் தனிமையைப் பற்றி எழுதியிருந்த தாள் ஒன்றை அவர் கணவரிடம் வாசித்துக் காட்டினார். அதில் இருந்தது பெரும்பாலும் உண்மை என்று பீப்ஸ் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது, பிறர் கண்ணில் பட்டால் படித்துவிடுவார்கள் என்பது அவருடைய கோபம். மனைவியிடமிருந்து தாள்கட்டைப் பிடுங்கி, அவர் கண்முன்னே கிழித்துப்போட்டார். தாமே முன்பு அவருக்கு எழுதிய காதல் கடிதங்களும் அதில் போயின. தாம் எழுதியதைச் சுருக்கெழுத்தில் பத்திரப்படுத்தியவர் அவர். எலிசபெத்தின் வாசிப்பைப் பற்றி நமக்கு இவ்வளவு குறைவாகத் தெரிவதை அவருடைய ஆர்வக்குறைவாகவோ காலத்தின் தற்செயலாகவோ யாரும் எழுதிவிட முடியாது. அந்த ஆவணத்தை அழித்தவர் யார், என்ன காரணத்துக்காக, எந்த நாளில் என்பதை அழித்தவரின் கையெழுத்தே நமக்குச் சொல்கிறது.